பழைய ஹெரால்டில் முந்தைய கைவேலையைக் கண்டறிதல்: அறிகுறி வழியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம் ஊர்க் கார். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலாத்தி வரைந்த உருவத்தில், 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்த இதை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 948 சிசி எஞ்சினுடன் தயாரித்தது. 1970-களில் அதே நிறுவனத்தின் கெஸல் கார் அதன் இடத்தைப் பிடித்தது. ஆகவே இன்று விற்பனைக்கு வரும் எந்த ஹெரால்டும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் பலர் கை மாறிய வண்டி. தயாரிப்பு நின்ற பிறகு சரியான உதிரிபாகம் கிடைப்பது அரிதாகிவிட்டதால், பத்மினியின் பாகம், அம்பாசிடரின் பாகம், பின்னாளில் மாருதியின் பாகம் எனக் கையில் கிடைத்ததை வைத்து அதை ஓட்டி வந்திருக்கிறார்கள். அவற்றுள் சில வேலைகள் மிகத் திறமையானவை. அவற்றைக் கழற்றத் தேவையில்லை. மற்றவை, அடுத்த வாரம் சரிசெய்யலாம் என்று விட்டுவைக்கப்பட்டு அப்படியே நிலைத்துவிட்ட தற்காலிக ஏற்பாடுகள்.

இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் பழுது நீக்குவதில் பாதி வேலை. ஒரு கோளாறு தெரிந்தவுடன் புதிய பாகம் வாங்கிப் பொருத்தினால், அதற்கு முன்பு யாரோ செய்த தவறான வேலையின் மேல் இன்னொரு அடுக்கு சேரும். கோளாறு இடம் மாறும், தீராது. முதலில் முந்தைய மாற்றத்தை நீக்கி, அந்தப் பகுதியைத் தொழிற்சாலை அமைப்புக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே சோதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒவ்வோர் இணைப்பையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது பிற்பாடு பெரிய உதவியாக இருக்கும்.

தொடங்குமுன்: நட்டும் போல்ட்டும் சொல்லும் செய்தி

ஹெரால்டில் உள்ள போல்ட்டுகள் அங்குல அளவிலானவை; யுஎன்எஃப் (நெருக்கமான மரை), யுஎன்சி (அகன்ற மரை) என்ற வகைகளைச் சேர்ந்தவை. 5/16 அங்குல யுஎன்எஃப் போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், அதன் தலைக்கு அரை அங்குல ஸ்பேனர், அதாவது 12.7 மில்லிமீட்டர், தேவை. நம் பட்டறைகளில் எளிதாகக் கிடைப்பதோ 8 மில்லிமீட்டர் போல்ட்டும் 13 ஆம் எண் ஸ்பேனரும். இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்துவதுபோல் தோன்றுவதுதான் ஆபத்து. அந்த அங்குல மரையில் ஓர் அங்குலத்துக்கு 24 சுற்றுகள் உண்டு, அதாவது இடைவெளி சுமார் 1.06 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். பலவந்தமாகத் திருகினால் இரண்டு மூன்று சுற்று ஏறி இறுகியதாகக் காட்டும், ஆனால் வார்ப்பிரும்பில் இருந்த மரை நாசமாகிவிடும். எனவே முனை மழுங்கிய தலைகளையும், தலையில் 8.8 என்று எண் பொறித்த மெட்ரிக் போல்ட்டுகளையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவை இருக்கும் இடங்களெல்லாம் முன்பு யாரோ கைவைத்த இடங்கள். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பகுதிகளில் இப்படிப்பட்ட போல்ட் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டக் கூடாது.

அறிகுறி: பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது, மிதியை விட்ட பிறகும் ஒரு சக்கரம் சூடாகிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் காரின் பிரேக் அமைப்பு ஒற்றைச் சுற்று கொண்டது. ஒரே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இல்லாமல் போகும்.

சூடாகும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, பிரேக்கை மிதித்து விட்டபின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாமல் இறுகி நின்றால், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரில் ஏர் எடுக்கும் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். பிரேக் ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் குழாய்க்குள் சிக்கியிருக்கிறது. விடுபடாவிட்டால் கோளாறு டிரம்முக்குள்ளேயே இருக்கிறது: துருவேறிய பிஸ்டன், வலுவிழந்த ஸ்பிரிங், அல்லது தேய்ந்த டிரம்முக்கு ஈடுகட்டுவதற்காக அளவு மீறித் திருகப்பட்ட அட்ஜஸ்டர்.

அழுத்தம் சிக்கியிருப்பது உறுதியானால் திருகை மூடி, மீண்டும் ஒருமுறை மிதித்து விட்டு, இம்முறை ரப்பர் ஹோஸின் மேல்முனையில் இரும்புக் குழாய் சேரும் இணைப்பைத் தளர்த்துங்கள். அப்போது சக்கரம் விடுபட்டால் தடை, மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் பக்கம் இருக்கிறது. விடுபடாவிட்டால் ஹோஸின் உட்சுவர் வீங்கி அடைத்திருக்கிறது. வெளியே பார்க்கப் புதிதுபோல் மின்னும் ஹோஸும் உள்ளே இப்படி இருக்கலாம். மாஸ்டர் சிலிண்டர் பக்கம் என்றால், மிதியின் தள்ளுகம்பியில் சிறு இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிதி உயரமாக இருக்க வேண்டும் என்பதற்காக யாரேனும் அந்தக் கம்பியை நீட்டித் திருகியிருந்தால் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காது, ஆயில் திரும்பும் துளை திறக்காது, பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். இதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும். இது தெரியாமல் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றியவர்கள் பலர்.

இடைவெளி சரியாக இருந்தும் சிக்கல் தொடர்ந்தால் பிரேக் ஆயிலையே சந்தேகிக்க வேண்டும். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் பிரேக் ஆயில் தொட்டியிலிருந்து எடுத்த சில துளிகளை விட்டுப் பாருங்கள். கிளைக்கால் அடிப்படையிலான சரியான பிரேக் ஆயில் தண்ணீரில் கலந்துவிடும். எஞ்சின் ஆயிலோ வேறு கனிம எண்ணெயோ கலந்திருந்தால் மேலே படலமாக மிதக்கும். மிதந்தால் அந்த அமைப்பில் உள்ள எல்லா ரப்பர் வாஷர்களும் வீங்கியிருக்கும் என்றே கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. எல்லா ரப்பரையும் ஹோஸையும் மாற்றி, குழாய்களை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் கழுவி உலர்த்திய பிறகே புதிய ஆயில் ஊற்ற வேண்டும். இந்தச் செலவில் சிக்கனம் பார்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அறிகுறி: ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, திருப்பத்துக்குப் பிறகு தானாக நேராவதில்லை

ஹெரால்டு சுமார் 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அதன் புகழ். தி.நகரின் குறுகிய தெருக்களில் அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்கு, கனத்த ஸ்டியரிங் உடனே உறுத்தும். டயர் காற்று குறைவாக இல்லையென்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது முன் சக்கரங்களின் கீழ்ப்பகுதியில் உள்ள ட்ரன்னியன்.

இது வெண்கலத்தால் ஆன ஒரு மூட்டு. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டு, அந்த மரை இந்த வெண்கல மூட்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுழல்கிறது. இதற்குத் தேவையானது இபி 90 கியர் ஆயில். கிரீஸ் கூடாது. கிரீஸ் மரையின் மேல்வரை ஏறாமல் கீழே கட்டியாகி நின்றுவிடும். மேலிருந்து மழைநீர் புகுந்து எஃகு துருப்பிடிக்கும். மரையின் வேர்ப்பகுதியில் விரிசல் தொடங்கி, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். பெரும்பாலும் வண்டியை மெதுவாகத் திருப்பும்போது இது நிகழ்வதால் பலர் உயிர் தப்பியிருக்கிறார்கள். எப்போதும் அப்படியே நிகழும் என்று நம்பியிருக்க முடியாது.

நம் ஊரில் மூட்டு என்றாலே கிரீஸ் அடிப்பதுதான் வழக்கம். ஆகவே ட்ரன்னியனைச் சுற்றிக் கறுத்த கிரீஸ் படிந்திருந்தால், அது அக்கறையுடன் செய்யப்பட்ட ஆனால் தவறான பராமரிப்பின் சான்று. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது பேரிங்கிலா ட்ரன்னியனிலா என்று அறிய, இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் ட்ரன்னியன் அல்லது மேலுள்ள பந்து மூட்டு. ஆட்டமே இல்லாமல் இறுக்கமாக மட்டும் இருந்தாலும், கழற்றி, கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, எஃகு மரையை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். துருவால் குழி விழுந்த தண்டை எவ்வளவு நன்றாகத் தேய்த்தாலும் மீண்டும் பொருத்தக் கூடாது. முறிந்ததை வெல்டிங் செய்து மாட்டியிருப்பதைக் கண்டால் அந்த வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அறிகுறி: நெரிசலில் எஞ்சின் கொதிக்கிறது

அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்போது சூட்டுமானி ஏறுவதற்கு வெயிலைக் காரணம் சொல்வது எளிது. ஆனால் இந்தக் கார் இதே வெயிலில்தான் புதிதாக ஓடியது.

முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அது சுமார் 82 டிகிரியில் திறந்துவிடும் ஒரு வால்வு. எஞ்சின் கொதிக்கும் நிலையில், நல்ல தெர்மோஸ்டாட் ஏற்கெனவே முழுவதும் திறந்துதான் இருக்கும். எனவே அதை அகற்றுவதால் நெரிசலில் ஏற்படும் கொதிப்பு குறையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று வீச ஓடும்போது எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்து, ஆயிலில் நீர்க்கசடு சேர்வதுதான் மிச்சம். அது கழற்றப்பட்டிருப்பது, கொதிப்பு இவ்வண்டியில் நெடுநாள் நோய் என்பதையும் அதன் மூலகாரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது என்பதையும் தெரிவிக்கிறது.

அந்த மூலகாரணம் பெரும்பாலும் தண்ணீர். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. அதையே ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியதால் எஞ்சின் பிளாக்கின் உட்சுவரில் படலம் கட்டி, துருவும் மண்ணுமாகப் பின் சிலிண்டரைச் சுற்றித் தேங்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால், துளைக்குள் ஒரு கம்பியை விட்டுக் கிளறுங்கள். அப்போதும் சேறாகவே வந்தால் ரேடியேட்டரை மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை. நீர்ப்பம்பைக் கழற்றி, பிளாக்கை எதிர்த்திசையில் தண்ணீர் பாய்ச்சித் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். கழுவியதும் புதிய கசிவுகள் தோன்றினால் அஞ்ச வேண்டாம். அதுவரை துருவே அடைப்பாக நின்ற இடங்கள் அவை. எம்சீல் பூசிய ரேடியேட்டர்த் தொட்டியும், கசிவை அடைக்கும் தூள் போட்ட நீரும் இதே கதையின் பிற பக்கங்கள். இனி காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் கலந்து மட்டுமே ஊற்ற வேண்டும்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். ஒரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் கொதிநிலை ஏறத்தாழ 1.7 டிகிரி செல்சியஸ் உயரும் என்பதால், ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்தப் பாதுகாப்பைக் கெடுக்கிறது. வேறு காரின் மிகுந்த அழுத்தமுள்ள மூடியைப் போட்டிருந்தால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று பிளக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தும் கொதித்தால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் திருப்பிவைக்கப்பட்டு, தீப்பொறி விழும் நேரமான டைமிங் தாமதமாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஹெட்லைட் மங்குகிறது, செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுகிறது

மூன்றும் ஒன்றாகத் தோன்றினால் பேட்டரி வாங்க ஓடாதீர்கள். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையை கிளட்ச் வேலைக்காகக் கழற்றியவர் மீண்டும் மாட்டாமல் விட்டிருந்தால், செல்ஃப் மோட்டாரின் பெரும் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் ஆகியவற்றின் வழியே திரும்பும். அதனால்தான் கேபிள் சுடுகிறது. பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் மோசம். பெயின்ட்டைச் சுரண்டி வெற்று இரும்பில் புதிய பட்டையைப் போடுங்கள்.

பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறப்பது இந்தக் காரின் அழகு. அதே இடத்தில்தான் விளக்குக் கம்பிகள் மடங்கி மடங்கி உள்ளே அறுபடுகின்றன. வெளியுறை முழுதாகத் தெரியும். பானெட்டை மெதுவாக அசைத்துக்கொண்டே விளக்கைப் பார்த்தால் பிடிபடும்.

பிறகு நிறங்கள். இந்தக் காரில் பின்பற்றப்பட்ட, லூகாஸ் நிறுவனத்தின் கம்பி நிற முறையில் பழுப்புக் கம்பி எப்போதும் மின்சாரம் உள்ளது. வெள்ளை சாவி திருகியதும் உயிர்பெறுவது. பச்சை அதிலிருந்து ஃபியூஸ் வழியே வருவது. நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு சிறுவிளக்குக்கு, கறுப்பு எர்த்துக்கு. இந்த ஒழுங்கை மீறி, ஒரே நிறத்துக் கம்பி டேஷ்போர்டின் கீழ் நெடுக ஓடினால் அது பின்னர் சேர்த்தது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் ஒவ்வொன்றையும் அறுத்துப் புதிதாக ஈயம் வைத்து இணைக்க வேண்டும். ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தால், வேறெதையும் பார்க்குமுன் பேட்டரியைக் கழற்றிவையுங்கள். கம்பி எரிந்துதான் அந்தச் சுற்று துண்டிக்கப்படும் என்பது அதன் பொருள். ஆரம்பகாலக் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த்தாக இருந்தது. பாதியில் யாரேனும் அதை மாற்றியிருக்கலாம் என்பதால், புதிய ரேடியோ, ஆல்டர்னேட்டர் போன்ற எதையும் இணைக்குமுன் எந்த முனை பாடியில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். எல்லாம் சரியானபின், எஞ்சின் மிதவேகத்தில் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும்.

அறிகுறி: அரைமணி ஓடியதும் மூச்சுத் திணறி நிற்கிறது, ஆறியபின் மீண்டும் ஓடுகிறது

நின்றவுடன் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறங்கள். காற்று உறிஞ்சும் ஒலி கேட்டு, பிறகு வண்டி கிளம்பினால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. அல்லது துளையே இல்லாத வேறு வண்டியின் மூடி போடப்பட்டிருக்கிறது. ஒலி இல்லையென்றால் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போடுங்கள். அதனால் சரியானால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது: எஞ்சினில் பொருத்தும் பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்க வேண்டிய தடித்த பேக்கிங் தொலைந்திருக்கலாம், அல்லது குழாயைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் வளைத்துக் கொண்டுபோயிருக்கலாம். கத்திரி வெயிலில் இது தப்பாமல் வெளிப்படும்.

இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர்க் குழாயை மென்மையாக்கிக் கரைக்கும். அந்தக் கறுப்புத் துகள், கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டில் அடைக்கும். எனவே ஜெட்டைச் சுத்தம் செய்வதோடு நில்லாமல், எத்தனாலைத் தாங்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 குறியிட்ட குழாயாக மாற்றுங்கள்.

அறிகுறி: கிளட்ச் மிதித்தால் எஞ்சின் வேகம் தாழ்கிறது

இன்னொருவரைக் கிளட்சை மிதித்து விடச் சொல்லி, முன்னாலிருந்து கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன, அல்லது எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிட்டன. அனுமதிக்கத்தக்க நகர்ச்சி ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். அதை மீறிய நிலையில் எஞ்சினை மேலும் ஓட்டினால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்து வீணாகும். சம்ப்பை இறக்கிப் பார்த்தால் எஞ்சினைக் கீழிறக்காமலே வாஷரை மாற்ற முடியும் என்பதால், தாமதிக்க ஒரு காரணமும் இல்லை.

அறிகுறி: கதவு தூக்கிச் சாத்தினால்தான் பொருந்துகிறது

கீலை வளைத்துச் சரிசெய்யும் டிங்கரிங் வேலைக்கு உடன்படாதீர்கள். ஹெரால்டின் பாடி, தனிச் சேசிஸின் மேல் போல்ட் போட்டு நிறுத்தப்பட்டது. சேசிஸின் நடுவெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் அதைத் தாங்குகின்றன. அந்தக் கைகள் துருப்பிடித்துத் தொய்ந்தால் கதவின் பின்விளிம்பு இடைவெளி மேலே குறுகிக் கீழே அகலும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரத்தில் நின்ற வண்டிகளிலும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளிலும் இதை முதலில் தேட வேண்டும். வெள்ளம் புகுந்த சேசிஸ் குழலுக்குள் விளக்கடித்தால் உலர்ந்த வண்டல் தெரியும்.

கீழே படுத்து, காந்தத்தைச் சேசிஸ் நெடுக ஒட்டிக்கொண்டே நகருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி அடைக்கப்பட்டிருக்கிறது. புதிதாக அடித்த கறுப்பு அண்டர்கோட்டிங் இருந்தால் திருப்புளியால் அழுத்திப் பார்க்க விற்பவரின் ஒப்புதலைக் கேளுங்கள். துருவின் மேல் தகடு வைத்து வெல்டிங் செய்திருப்பதைத் தட்டினால் மந்தமான ஒலி வரும். அந்தத் தகட்டை எடுத்து, நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, அதன் பிறகே புதிய துண்டைச் சேர்க்க வேண்டும்.

வெட்டுமுன் எல்லாக் கதவுகளையும் சாத்தி, சேசிஸைப் பல இடங்களில் சமமாகத் தாங்கவைத்து, ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இரு பக்கத்தையும் சேர்த்து வெட்டினால் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். பின்பு எந்தக் கதவும் பொருந்தாது. சேசிஸ் எண் பொறித்த பகுதியையோ தகட்டையோ வெல்டர் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, வண்டி மூல வடிவிலேயே இருப்பதைக் கேட்கிறது. எனவே வேலைக்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைத் தெளிவாகப் படமெடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்வதோடு, வெட்டி எடுத்த பழைய துண்டுகளையும் பதிவு முடியும்வரை பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வையுங்கள்.